தெஸௌத்யோ

பூட்டு மாற்றுகிறவன் நான்.
சரகோசா நகரில் இருபத்தாறு வருடமாக.
துளைக்கும் கருவி, எண்ணெய்ப் புட்டி,
புது சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக.
கோர்ட் கடிதத்தில் அந்தச் சொல்
மூன்றாவது வரியில் இருக்கும்: தெஸௌத்யோ.
நான் படிப்பதில்லை.
எத்தனையாவது மாடி என்று மட்டும் பார்ப்பேன்.

அன்றைக்கு நான்காவது. லிஃப்ட் கிடையாது.
பிப்ரவரி. சியெர்சோ காற்று
தெருவை ஏற்கெனவே காலிசெய்து வைத்திருந்தது.
கோர்ட் பையன் லோரியென்
வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்,
ஷூவில் இன்னும் கடை வாசனை.
பேங்க் ஆள் கீழே காரிலேயே இருந்துகொண்டார்
ஹீட்டரைப் போட்டு.

கதவைத் திறந்தவள் ஒரோசியா.
கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
பையன் தொண்டையைச் செருமி
காகிதத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான.

"தெரியும். செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்கள்."
"இல்லை அம்மா, உத்தரவு இன்றைக்குத்தான்…"
"மூன்றாம் வார்டில். பெரிய டாக்டர்.
உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னார்."

உள்ளறையில் அப்போதுதான் இருமல் கேட்டது.

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
தவணை தவறியவனைப் படியிறக்குவதற்கும்,
படுத்திருப்பவனைப் பார்த்து
டாக்டர் கையை விரிப்பதற்கும்.
இருபத்தாறு வருடம் இது எனக்குத் தெரியும்.
ஒரே வாசலில் இரண்டும் வந்து நின்று
நான் பார்த்ததில்லை.

பையன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.
நீதிபதியின் போன் பிஸி.
சும்மா இருக்க முடியாமல்
அகராதியைத் தட்டிப் பார்த்தான்.
"முன்னால் இருக்கும் தெஸ் என்பதை எடுத்துவிட்டால்
அவுத்யார் என்று ஒரு சொல் வருகிறது சார்.
நம்பிக்கை கொடுத்தல்.
பழைய வழக்கு என்று போட்டிருக்கிறது."

நான் கேள்விப்பட்டதே இல்லை.
என் அப்பா சொல்லவில்லை, பாதிரியார் சொல்லவில்லை,
எந்த பேங்க்கும் எழுதி அனுப்பவில்லை.
கொடுப்பதற்கான சொல் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.
பறிப்பதற்கான சொல் மட்டும்
கதவு போன பிறகும் தொங்கும் பூட்டு மாதிரி.

இன்னொன்றும் கவனித்தேன்.
தெஸௌத்யாதோ என்று எழுதினால்
பட்டவன் அதில் இருப்பான்.
செய்தவன் இருக்கமாட்டான்.
செய்தவன் கீழே, காரில், ஹீட்டரோடு.

பதினொன்றே காலுக்கு நீதிபதி கிடைத்தார்.
நோயாளி இருப்பதால் ஆறு வாரம் ஒத்திவைப்பு.
"டாக்டர் கொடுத்தது மூன்று,"
உள்ளேயிருந்து எவுத்திமியோவின் குரல்.
"கோர்ட் தாராளம். மூன்று வாரம் கையில் மிஞ்சும்."
சிரிப்பு பாதியில் இருமலாகிப்போனது.
ஒரோசியா அந்த ஆரஞ்சை
சுளை சுளையாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.
எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு.

பெட்டியை மூடும்போது அவர் கூப்பிட்டார்:
"பூட்டுக்காரரே, வந்ததே வந்தீர்.
குளியலறைத் தாழ்ப்பாள் நாலு வருடமாக விழவில்லை."

அந்த வீடு அவருடையதில்லை.
அந்தத் தாழ்ப்பாளை அவர் இன்னும்
எத்தனை தடவை போடப்போகிறார்.
முழங்காலிட்டு, துருவைச் சுரண்டி,
மூன்று சொட்டு எண்ணெய் விட்டேன்.
டக். ஒரே டக்.
"ஆங்," என்றார் படுக்கையிலிருந்து.

பில்லில் இப்படி எழுதினேன்:
பூட்டு மாற்றப்படவில்லை.
தாழ்ப்பாள் ஒன்று சரிசெய்யப்பட்டது.
இரண்டாவது வரிக்கு பேங்க் பணம் தரவில்லை.

ஆறு வாரம் கழித்து வேறு ஆளை அனுப்பினார்கள்.
பாரில் பார்த்தேன் அவனை.
"நான்காவது மாடியில்,
குளியலறைத் தாழ்ப்பாள் எப்படி இருந்தது?"
"நன்றாகத்தான் விழுந்தது. ஏன்?"

வேறெதையும் நான் கேட்கவில்லை.