காலி வண்டி எடை

ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் சாலையில்
சிக்கந்தர் எடைமேடை.
போன வெள்ளிக்கிழமை
அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் செத்தது.
திறந்து பார்த்தேன்:
பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி,
கரிந்து, காற்புள்ளி போல் வளைந்து.

இருபத்தாறு வருஷம் ஓடிய பெட்டி.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
வண்டி எண் கேட்கும், எடை வாங்கும், அச்சடிக்கும்,
வேறெதுவும் கேட்டதில்லை.
மூன்று பிளாப்பியில் அதன் மொத்த உடம்பும் அடங்கும்.
நான்காவதில் எடைபோடும் புரோகிராம்,
அதிலும் பாதி இடம் மிச்சம்.

புதியதைக் கொண்டுவந்து வைத்தேன்.
முதலில் ஜெயராக்குவின் பெயரைக் கேட்டது.
பிறகு மெயில், பிறகு முகம்,
பிறகு அவளுக்குப் பிடித்த நிறம்.
மேலூரில் இப்போது முப்பத்தெட்டு டிகிரி என்று
தகரக் கூரைக்குக் கீழே இருப்பவளிடமே சொன்னது.
கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் சிபாரிசு செய்தது.
"லாரி நிக்குது" என்றாள் அதனிடம்.

இருபது ஜிபிக்கு மேலக்கா, மெதுவாத்தான் வரும்.
"அப்படின்னா?"
பழைய பிளாப்பியில் கணக்குப் போட்டால் பதினாலாயிரம்.
ஒன்று இருபது கிராம் என்றால்
இருநூற்று எண்பது கிலோ.
கிலோ என்றதும் நிமிர்ந்தாள்.
"இதுல சரக்கு எவ்வளவு,
காலி வண்டி எவ்வளவு?"

டவுன்ஹால் ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கடை.
யாரும் இப்படிக் கேட்டதில்லை.
சரக்கென்று பார்த்தால் மூன்று எண்:
மொத்தம், காலி, நிகரம்.
மற்றதெல்லாம் வண்டி.
வண்டியைச் சுமக்க வண்டி,
அதற்குக் காவல்,
காவலைக் கவனிக்க இன்னொன்று.
பின்னால் ஓடுபவை நூற்று எழுபத்தொன்று, எண்ணினேன்.
நாற்பதுக்கு எனக்குப் பெயர்க் காரணம் தெரியும்.
மீதியை நிறுத்தப் பயம்,
எது எதன்மேல் சாய்ந்து நிற்கிறதோ.
கீழவளவுப் பக்கம் கல் அடுக்கியிருக்கும் இடத்திலும்
அடிக்கல்லை யாரும் உருவுவதில்லை.
எழுதியவர்களுக்கே முழுசாகத் தெரியாதாம்,
ஆளுக்கொரு மூலை.

பழைய புரோகிராம் இதில் ஓடாது என்று
மரியாதையாகச் சொல்லிவிட்டது.
எனவே உள்ளே ஒரு பொய் அறை கட்டினேன்,
இது அந்தப் பழைய பெட்டிதான் என்று
சின்னதை நம்பவைக்க.
நம்பியது.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
வண்டி எண் கேட்டது.
ஒரு பல்லி முட்டையை ஏற்றிக்கொண்டு
பதினாறு சக்கர லாரி.

மச்சக்காளையின் ஜல்லி வண்டி மேடைக்கு வந்தது.
ஜெயராக்கு எண்ணைத் தட்டி எண்டர் போடும்போது
திரை முழுக்க நீலம்:
அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்.
முப்பத்தேழு சதவீதம்.

சுவரில் சிவப்பு எண் மட்டும்
இதற்கெல்லாம் கட்டுப்படாமல் எரிந்தது:
28,460.
பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது.
ஜெயராக்கு டிராயரில் ரசீதுப் புத்தகம் தேடினாள்,
கார்பன் தாள் இல்லை.
மச்சக்காளை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
இறங்கி டீக்கடைக்கு நடந்தார்.
28,380.

முப்பத்தெட்டு சதவீதம்.
வெகுநேரம் முப்பத்தெட்டு.
எங்கிருந்தோ என்னவோ ஏறிக்கொண்டே இருந்தது,
மேடையில் எதுவும் கூடவில்லை.

அவர் வந்து மறுபடி ஏறினார்.
28,460.
குடித்த டீ கணக்கில் வரவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடை பார்ப்பதில்லை.