வெள்ளை வயர்

காலை ஐந்தே முக்கால்.
வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருப்பவர்கள்
கொட்டாஞ்சேனையில் ஏழு பேர்,
வெள்ளவத்தையில் நான்கு.
பின்சீற்றில் ஐஸ் பெட்டி,
உள்ளே மூடியின் நிறம் பார்த்து அடுக்கிய குழாய்கள்.

மூவாயிரம் வாட் மோட்டார்.
பெற்றோல் வண்டி இருமும், யோசிக்கும், பிறகு போகும்.
இது யோசிக்காது.
மணிக்கட்டு ஒரு நெல்லளவு திரும்பினால்
நீ ஏற்கெனவே அங்கே இருக்கிறாய்.

முதல் வாரம் நான் படித்தது
வண்டியை அல்ல, என் வலது கையை.
சிவப்பு விளக்கில் கைபிடியை விட்டுவிட்டு
பிரேக்கில் இரண்டு விரல்.
இறங்கி உருட்டுமுன் சாவியை அணை.
ஒருநாள் கேற்றடியில் மறந்தேன்,
வீட்டுக்காரம்மாவின் குரோட்டன் சட்டி போனது.

வெள்ளிக்கிழமைகளில் சில்லுக்குக் காற்று.
மாதம் ஒருமுறை சீற்றைத் தூக்கி
இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.
மரைன் டிரைவ் காற்றில் உப்பு,
செம்பு முனைகளில் பாசிபோல் பச்சை பூக்கும்.
பழைய பல்துலக்கி, கொஞ்சம் ஸ்பிரிட்,
எங்கள் லாப்பில் அதற்குக் குறைவில்லை.
ஆமர் வீதியில் வெள்ளம் நின்றால்
சில்லின் நடு மூழ்குமா என்று பார்.
மூழ்குமென்றால் திரும்பு.
முன்னால் போகிறவன் போகட்டும்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் சொன்னான்:
"மிஸ், இந்த வெள்ளை வயர்தான் கடிவாளம்.
வெட்டினா எண்பது போகும்."
குறடு கையிலேயே இருந்தது.
நோயாளிகளுக்கு நேரமாகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையாட்டினேன்.
பொய். ஆசை.

பதினொரு நாட்கள்.
விடியலில் காலி வீதி ஒரே நேர்கோடு.
மூடிய கடைகளின் பெயர்ப்பலகைகள்
வாசித்து முடியுமுன் பின்னால் போயின.
முப்பத்தெட்டு வயதில்
ஒருவரும் என்னை முந்தாத பதினொரு நாட்கள்.
மறுக்க மாட்டேன், நன்றாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஜம்பட்டா வீதி.
இரவு மழை.
மஞ்சள் கோடு வழுக்கும் என்று தெரியும்.
முட்டைத் தட்டு இரண்டு ஏந்திய ஒருவர்
கண்ணை முட்டையில் வைத்து
காதால் வீதியைக் கடந்தார்.
அந்தக் காதில் நான் இல்லை.

இரண்டு பிரேக்கையும் ஒன்றாக,
சிரிஞ்சை இழுக்கும் பக்குவத்தில்.
பின்சில்லு எங்கோ போய்த் திரும்பி வந்தது.
அவருடைய முழங்கைக்கும் என் கண்ணாடிக்கும் நடுவில்
ஒரு முட்டை நிற்கும் இடம்.
அவர் திட்டவில்லை.
"வந்ததே தெரியல்லியே" என்றார்,
பிழை தன்னுடையது போல.

அவர் தட்டில் ஒன்றும் உடையவில்லை.
என் பெட்டிக்குள்தான்
ஒரு குழாய் விரிந்து, இன்னொன்று குலுங்கி
தெளிநீர் இளஞ்சிவப்பாகி
எதற்கும் உதவாமல் போனது.

மறுநாள் பிலோமினா அக்காவின்
மற்றக் கையைத் தட்டி நரம்பு தேடினேன்.
"நேத்து எடுத்த ரத்தம் எங்க பிள்ள?"
லாப்பில் தவறிவிட்டது என்றேன்.
மேசையில் மூடி வைத்த தேத்தண்ணியை
அவர் ஒருமுறை பார்த்தார்.

நிஸ்தார் ஏன் என்று கேட்கவில்லை.
ஈயம் உருகும் மணம்,
கறுப்பு நாடா மூன்று சுற்று.
வெட்டியதற்கு வாங்கியதைவிட
ஒட்டியதற்கு இருநூறு ரூபாய் கூட.

இப்போதும் மாலையில் மூன்று மாடி ஏற்றி
பதினாறு கிலோ பற்றரியை
வெறும் தரையில் வைக்கிறேன்,
மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் எட்ட.
அரை மணிநேரம் சூடு ஆறும்வரை
சார்ஜரைத் தொடுவதில்லை.
நான் படுக்கும்போது பிளக் கழன்றிருக்கும்.

முட்டைக்காரரை அடிக்கடி காண்கிறேன்.
மஞ்சள் கோட்டுக்கு முன்னால்
நின்றுவிடுகிறேன்.
நான் நிற்பதும் அவருக்குத் தெரியாது.
மறுபக்கம் காதைத் திருப்பி
தூரத்தில் ஒரு பஸ்ஸைக் கேட்டு
அது போகும்வரை பொறுத்து
மெதுவாகக் கடக்கிறார்.