கழிவுக் கணக்கு

கந்தப்பளை லொறி நாலரைக்கு வரவேண்டும்.
இன்றைக்கு ஐந்தே கால். கந்தளாயில் யானை மறித்ததாம்.
பழனியாண்டி பிந்தினால்
பாதி நாள் யானை, மீதி நாள் டயர்.

டோர்ச்சைப் பிடித்தபடி துண்டு எழுதுகிறேன்.
கோவா பதினெட்டு. கரட் பதினொன்று. லீக்ஸ் ஆறு.
கழித்த இலைக்குக் காத்துநிற்கும் மான்கள்
என் புத்தகத்தையும் ஒருமுறை மோந்து பார்க்கின்றன.
திருகோணமலை மான்களுக்குக்
கடன் கணக்கு பிடிப்பதில்லை.

ஆறாவது லீக்ஸ் கட்டைப் பிரித்தபோது
பச்சைக்குள் ஒரு பச்சை அசைந்தது.
பெருவிரலை விடக் கொஞ்சம் பெரிது.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்,
யாரோ ஈர்க்கில் சுண்ணாம்பு தொட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்த மாதிரி.

“வெள்ளைக்கண்ணி” என்றான் பழனியாண்டி.
“முகில் எறங்குற காட்டுல இருக்கும்.
கூட்டமாத்தான் வரும், தனியா நான் பார்த்ததில்ல.”
பிறகு, யாரோ குற்றம் சொன்னது போல,
“ஏத்துறப்ப இருட்டு” என்றான்.

தராசில் வைத்தேன். ஏன் என்று தெரியாது,
பதினாறு வருடப் பழக்கம்.
முள் அசையவில்லை.

ஏழரைக்கே வெயில் தகரத்தில் ஏறிவிட்டது.
போத்தல் மூடியில் தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை.
பப்பாசித் துண்டைப் பார்க்கவுமில்லை.
அலகைத் திறந்து வைத்துக்கொண்டு
மூச்சை மட்டும்
வேகவேகமாக எண்ணிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மீன் பக்கத்தில்
கிண்ணியா இம்தியாஸ் ஐஸ் பெட்டியைத் திறந்தான்.
வெள்ளைப் புகை எழுந்து,
விளிம்பில் வழிந்து, தரையில் தவழ்ந்தது.
என் கை வெறுமையானது.
அறுக்குளாக்களுக்கு மேலால் தாழப் பறந்து
பெட்டி விளிம்பில், புகைக்குள்,
போய் உட்கார்ந்தது குருவி.

சீ... என்றது. சீ... சீ...
“எங்கட ஊரைத்தான் சொல்லுது” என்றார் ஒரு நாட்டாமி.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
ஆனால் ஒவ்வொரு தடவையும் அது நிறுத்தியது.
தலையைச் சரித்துப்
பதில் வர இடம் விட்டது.
அந்த இடத்தில் நாங்கள்
பாரைக்கு விலை கூவினோம்.

இம்தியாஸ் மூடியைப் பிடித்தபடியே நின்றான்.
“ஐஸ் கரையுதடா!” என்று முதலாளி கத்தினார்.
“ஓம், கரையுது” என்றான்,
மூடவில்லை.

திரும்பும் லொறியில் நிலாவெளி உப்பு,
சாளைக் கருவாடு எட்டுப் பெட்டி,
முன் ஆசனத்தில்
துளை போட்ட பிஸ்கட் பெட்டி ஒன்று.
பக்கத்தில், பழனியாண்டியின் துவாயில் சுற்றி,
இம்தியாஸ் காசு வாங்காமல் கொடுத்த ஐஸ்.

இரவு ஏழே முக்காலுக்கு ஃபோன் வந்தது.
“இறம்பொடை வளைவு, அக்கா. கண்ணாடியெல்லாம் முகில்.
வண்டிய ஓரங்கட்டிட்டேன். பெட்டியத் தொறக்க...”
சிக்னல் அறுந்தது.
திரும்ப எடுக்க விரல் போனது. எடுக்கவில்லை.
புத்தகத்தைத் திறந்து
கழிவு என்ற பத்திக்குக் கீழே
லீக்ஸ் இரண்டு கிலோ என்று எழுதினேன்.
அடுத்த வரியில் பேனை கொஞ்ச நேரம் நின்றது.

வியாழன் மறுபடி வந்தான், ஐந்து மணிக்கு.
யானையைப் பற்றிச் சொன்னான்,
இந்த முறை குட்டியோடு.
நான் அதைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
லீக்ஸ் கட்டுகளை மட்டும்
மெதுவாகப் பிரித்தேன்.