எண்பதாயிரம் கழித்து

கோட்டையூர் தாண்டி
முந்திரிக்காட்டை மழித்துப் போட்ட மனைப்பிரிவில்
பன்னிரண்டாம் எண் வீடு.
கிழக்குப் பார்த்த வாசல் என்றார் தரகர் ஜபருல்லா,
சூரியனையும் சேர்த்தே
பத்திரம் பண்ணித் தருகிறவர் போல.

வாசலிலேயே நின்றுவிட்டோம்.
பர்மாத் தேக்கு.
எங்கோ இடித்த நாற்பது அறை வீட்டின் கதவு
இரண்டு படுக்கையறை வீட்டின் முகத்தில்,
அப்பன் செருப்பை மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.
"இதுக்கு மட்டும் எண்பதாயிரம் அடைக்கலம் சார்,
வெளியில விசாரிச்சுப் பாருங்க."
இவர் தள்ளினார். அசையவில்லை.
நானும் தோள் கொடுத்தபின் திறந்தது.
உள்ளே
கதவு போக மிச்சமாய் ஒரு வீடு.

சமையலறையைச் சாணால் அளந்தேன்.
குழாயைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.
உப்பில்லை.
துப்பவும் மனமில்லை.

இப்போது இருப்பது கல்லுக்கட்டிக்குப் பின்னால்
ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு, வாடகை நாலாயிரம்.
அதற்குப் பங்காளிகள் முப்பத்தொரு பேர்.
ஈப்போவில் ஒருவர் கையெழுத்துப் போடும்வரை
ஒருவராலும் விற்க முடியாது.
விற்க முடியாத வீட்டில் உட்கார்ந்து
வாங்க முடியாத வீட்டுக்குக் கணக்குப் போடுகிறோம்,
கரண்ட் பில்லின் முதுகில்.
கடன் முப்பது லட்சம்.
மாதம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம்.
கடைசித் தவணை அன்று எனக்கு ஐம்பத்தொன்பது,
இனியனுக்கு முப்பது.
அவனுக்கு அப்போது
எந்த ஊரில் வேலையோ.
அதை எந்த வரிசையில் எழுத?
இவர் பேனாவை மூடிவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
இரண்டாம் முறை பார்க்காத எதிலும்
கையெழுத்திட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி.
தரகர் இல்லாமல் போனோம்,
வண்டியில் நடுவில் பிள்ளை.
புத்தம்புது சாலை, புத்தம்புது கம்பம்,
கம்பத்தில் பல்பு இல்லை.
இருபத்திரண்டு வீடு.
"அஞ்சு லைட்டும்மா" என்றான் இனியன்.
மற்றவற்றில் பூட்டு.
சிங்கப்பூர்ப் பூட்டு, திருப்பூர்ப் பூட்டு,
விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் பூட்டு.
பழைய தெருக்களில் பார்த்ததுதான்.
இங்கே பெயிண்ட் வாசம் போவதற்குள்.

பதினெட்டாம் எண்ணில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள்
பெயர் சகாயமேரி.
"தண்ணி நல்லாத்தேன் வரும், முந்நூறு அடி போர்.
ஆளுகதேன் வர மாட்டேங்குறாக."
கடைசிச் சட்டையை உதறி மடித்தாள்.
"பக்கத்துல வெளக்கெரிஞ்சா எனக்குந்தேன் நல்லது.
அதுக்காகச் சொல்றேன்னு நெனச்சுக்கிராதீக."
ஒரு ரயில் போனது. ரொம்ப நேரம் போனது.
போன பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவர் பேசவேயில்லை.
பேசாமல் பல் தேய்த்தார்.
பேசாமல் கொசுவலை கட்டினார்.
விளக்கணைத்த பின் இருட்டுக்குள்ளிருந்து,
"ஆறாவது லைட்டா இருந்துட்டுப் போவோமே" என்றார்.
நான் தூங்கியது போலக் கிடந்தேன்.

காலையில், வேலைக்கு நடுவே,
ஜபருல்லாவைக் கூப்பிட்டேன்.
கதவைக் கழற்றிக்கொள்ளுங்கள்,
எண்பதாயிரத்தைக் குறையுங்கள் என்றேன்.
மூன்று வாரத்தில் முதல்முறையாக
அந்த மனிதரிடம் பேச்சில்லை.
பிறகு, "வீட்டுக்கு அழகே அதானேம்மா."
"பத்து வயசுப் பையன் சார்.
பள்ளிக்கூடம் விட்டு ஒத்தையில வருவான்.
ஒரு கையில பை இருக்கும்.
மத்த கையால தொறக்கணும்."

ஓனரைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.
வாங்குவதாக நானும் சொல்லவில்லை.
இவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கையுறையை மாட்டுகிறேன்.
யாருக்கோ ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு.
இன்னொரு முறை வைத்துப் பார்க்கிறேன்.