மைனஸ் இருபத்திரண்டு

அழைப்புக் கடிதத்தின் அடியில் ஒரு வரி:
இங்கே இளவேனில் தொடங்கிவிட்டது,
அதற்கேற்ற உடை போதும்.
இளவேனில் என்றால் எனக்குச் சித்திரை.
சித்திரை என்றால் அஜ்மானில்
கார்க் கதவைத் துப்பட்டா சுற்றித் திறக்கிற மாதம்.

ஹெல்சிங்கி நான்கு டிகிரி என்கிறது போன்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
உணர்வது: மைனஸ் ஒன்று.
யார் உணர்வது என்று போடவில்லை.

பத்து நாள் பயிற்சி.
நிற்க வேண்டிய மாடியில் லிஃப்ட் நிற்காவிட்டால்
என்ன செய்வதென்று
அங்கே போய்க் கற்றுவர வேண்டும்.
நுவைமியாவில் கடை கடையாகக் கம்பளி கேட்டேன்.
லினன் காட்டினார்கள். மல் பருத்தி காட்டினார்கள்.
ஒருவர் பெரிய மனது பண்ணி
ஏசிக்குப் போர்த்தும் சால்வையை விரித்தார்.
மாலில் ஒரே ஒரு கோட்டு தொங்கியது.
விலைச்சீட்டைத் திருப்பியதும்
அந்த ஏசியிலும் எனக்கு வேர்த்தது.

ஒரே சமையலறையைப் பங்குபோடும் ஜெசிந்தா
வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"கோட்டா? எங்க அவுககிட்ட இருக்குல்லா."

மிக்கேல்ராஜுக்கு ஜெபல் அலியில் கோழிக் கிடங்கு.
பிரேசில் கோழி, மைனஸ் இருபத்திரண்டு.
வீட்டுக்குள் வந்தால் கொஞ்ச நேரம்
சுவரோரமாக, ஏசி படாத இடத்தில்
பேசாமல் உட்கார்ந்திருப்பார்.
அன்று நிறையப் பேசினார்.

"நெஞ்சுக்குப் பயப்படாதீங்க மேடம்,
குளிரு மொதல்ல காதத்தான் பிடிக்கும்.
ரெண்டு சாக்ஸு போட்டு ஷூவ இறுக்கிராதீங்க,
விரலுக்கு நடுவுல காத்து இருக்கணும்.
வேர்க்க வேர்க்க நடக்கப்படாது.
வேர்வதான் பெறவு ஐஸு.
பேனா எழுதாது, பென்சில் வச்சுக்கிடுங்க."

நான்கு டிகிரியில் பேனா எழுதும்.
சொல்லவில்லை.
எழுந்து போகும்போது அவர் கேட்டார்:
"அங்க காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?"
பதினோரு வருடக் குளிர் அவருடையது.
அதில் காற்றென்றால்
கூரையில் சுழலும் நான்கு விசிறிகள்.

ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டுக்
கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன்.
கருநீலம். முதுகில் கம்பெனி பெயர்,
கையில் வண்டி வெளிச்சத்துக்கு மின்னும் பட்டை.
தோள் எனக்கு ஒரு சாண் அதிகம்.
உள்ளே அட்டைப்பெட்டி வாசம், தைல வாசம்,
இன்னொருவர் கழுத்தின் வாசம்.
தெருவில் என்னைப் பார்த்து
யாராவது சரக்கு இறக்கச் சொல்லலாம்.
சொல்லட்டும்.

கிளம்பும் நாள். பெட்டியோடு நானும்
காய் வாங்கப் போகும் ஜெசிந்தாவும் லிஃப்டில்.
அப்போதுதான் கேட்கத் தோன்றியது:
இது இல்லாமல் அவருக்கு?

"நைட் ஷிஃப்ட்டுல ஒரு நேபாளத் தம்பி,
அவன் கழட்டுறத இவுக போட்டுக்கிடுவாக.
பத்து நாளுதான.
சூடு ஆறாமக் கெடைக்கும்னு சிரிக்காக."

மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றது.
கதவு திறந்தது.
யாரும் ஏறவில்லை, யாரும் பேசவில்லை.
மூடிக்கொண்டது.

வாசலில் முப்பத்தொன்பது டிகிரி.
விமான நிலையத் தராசில் இரண்டு கிலோ கூடுதல்.
பெட்டியைத் தரையில் திறந்து
ஜாக்கெட்டை உருவிப் போட்டுக்கொண்டேன்.
வரிசையில் ஒரு குழந்தை என்னைக் காட்டி
அதன் அம்மாவிடம் ஏதோ கேட்டது.

பெட்டிச் சீட்டில் பெயர் எழுதச் சொன்னாள்
கவுண்டர்ப் பெண்.
பைக்குள் கை விட்டேன்.
நாற்பது பெட்டி, கால் துண்டு என்று
டிக் அடித்த தாள் ஒன்று.
இரு முனையும் சீவிய பென்சில் ஒன்று.

அவள் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள்.
வழவழப்பான சீட்டு, பென்சில் பிடிக்கவில்லை.
அழுத்தி எழுதினேன்.