பிரேக் மிதி: ஆம்

வாலிநோக்கத்தில் உப்பேற்றி வந்தால்
இதம்பாடல் விலக்கில் நின்றுவிடும்,
சொல்லிவைத்த மாதிரி.
மீட்டர் முள்ளெல்லாம் ஒருமுறை படுத்து எழும்,
மஞ்சள் விளக்கு எரியும்,
பதினாறு டன்னும் சத்தமில்லாமல்
சாலையோர மணலில் ஒதுங்கும்.
முக்கால் மணி நேரம் போட்டுவைத்தால்
எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும்.
அதற்குத்தான் எனக்குக் கோபம்.
செத்தால் ஒரேயடியாகச் சாகவேண்டும்.

டீசல் பில்டர் மாற்றினேன்.
கிராங்க் சென்சார் மாற்றினேன்.
எர்த் வயரைச் சுரண்டித் திருப்பி முறுக்கினேன்.
ஏர்வாடி டீக்கடையில் ஒருவர்
எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். கட்டினேன்.
ஜெயராணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள்,
பழத்தை மட்டும்
'இதர செலவு' என்று.

கீழக்கரை ரோட்டில் சீனி நைனா காக்கா
ஈ.சி.எம். பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார்.
வயர் மாட்டும் வாயிலிருந்து
வெள்ளையாய் ஒரு சிட்டிகை உதிர்ந்தது.
"நீ ஏத்துன லோடுதான்" என்றார்.
பின்னெல்லாம் களிம்பேறிப் பச்சை.
உள்ளே எங்கோ ஓர் ஈயப்பொட்டு
சூட்டில் விலகி
ஆறினால் ஒட்டிக்கொள்கிறதாம்.

புதுசு ஒரு லட்சத்துக்கு மேல்.
மதுரையில் உடைத்த வண்டியினது முப்பத்தெட்டாயிரம்.
போனை வாங்கி ஜெயராணி
முப்பத்துநாலுக்கு இறக்கினாள்.
மறுநாள் பஸ்ஸில்,
கண்டக்டர் சீட்டுக்குக் கீழே,
அரிசிச் சாக்குச் சுற்றி வந்தது.

கச்சான் காற்று ஷெட்டுத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால்
இன்ஜெக்டர் தலைகளைத் துடைத்தேன்.
ஆறிலும் ஆறு குறி.
ஒரே கம்பெனி, ஒரே அச்சு,
ஆனாலும் சொட்டுவதில் மயிரிழை வித்தியாசம்.
யார் யாரென்று பெட்டிக்குச் சொல்லித் தரவேண்டும்.
நான் வாசிக்க வாசிக்க
காக்கா லேப்டாப்பில் தட்டினார்.
மூன்றாவதன் எட்டை
நான் பி என்று வாசித்தேன்.
திட்டு வாங்கினேன்.

அப்போதுதான் திரையில் அது வந்தது.
பழைய வண்டியின் கடைசிப் பதிவு.

ஓடியது: ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பது.
வேகம்: எழுபத்தொன்று.
கியர்: ஆறு.
பிரேக் மிதி: ஆம்.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"எந்த ஊர் வண்டி?"
"உடைக்கிறவன் சொல்லமாட்டான்."
"டிரைவர்?"
காக்கா கண்ணாடியைக் கழற்றிச்
சட்டை நுனியில் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.
"இதை அழிச்சாத்தான் உன் குறி ஏறும்."

அழிக்கவா? ஆம், இல்லை.
இரண்டு கட்டம்.
என் விரல் முழுக்க மண்ணெண்ணெய்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஜெயராணி.
நோட்டை எடுத்தாள்.
ஓடியது, வேகம், கியர், பிரேக்
நான்கையும் எழுதினாள்.
எந்தத் தலைப்பில் என்று நான் கேட்கவில்லை,
எட்டிப் பார்த்தேன்:
எலுமிச்சம்பழத்துக்குக் கீழே.

பிறகு அவளே தட்டினாள்.

சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்து
அணைந்தது.
முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது எஞ்சின்.
காக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு
அஸர் தொழுகைக்குப் போய்விட்டார்,
கூலியைக் கூட வாங்காமல்.
திரும்பி வந்து வாங்கினார், முழுசாக.

வெள்ளிக்கிழமை லோடு.
சிக்கல் கடந்து,
இரண்டு பக்கமும் சீமைக்கருவை,
இதம்பாடல் விலக்கு வந்தது.
முள் எதுவும் படுக்கவில்லை.
வண்டி நிற்கவில்லை.
நான்தான் மிதித்தேன்.

எதற்கென்று கேட்டால் தெரியாது.
பிழை ஒன்றும் நடக்கவில்லை,
பெட்டி அதைக் குறித்திருக்காது.
பின்னால் வந்த மீன் வண்டிக்காரன்தான்
தலையை வெளியே நீட்டி
ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.