உதவியாளர் குழாயைப் பிடிக்கிறார்

அஞ்சாங்கிளாஸ் நோட்டு.
தலைப்புக்கு அடியில ஸ்கேல் வெச்சு ரெண்டு கோடு.
"தண்ணீர் லாரி என்பது ஒரு கனரக வாகனம்."
சரிதான்.

"நான், என், எங்க, எதுவும் வரக்கூடாதுப்பா,
மிஸ் அடிச்சிடுவாங்க"ன்னு
பிரிசில்லா ரப்பர் போட்டுத் தேச்ச எடம்
மெலிசாக் கீது.
வெளக்குல புடிச்சா
அடுத்த பக்கத்துக் கணக்கு தெரியுது.

துணைத்தலைப்பு: காணப்படும் இடங்கள்.
"கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை
ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது."
ரயில்வே கேட்டு மூடிட்டா
முக்கா மணி நேரம் அங்கயே காணப்படுகிறது.
அதை எழுதல.

துணைத்தலைப்பு: பாகங்கள்.
படம், அம்புக்குறி.
தொட்டி. வால்வு. பச்சைக் குழாய்.
பின்னாடி தொங்குற செருப்பைக்கூட
விடல அவ.

துணைத்தலைப்பு: பணியாளர்கள்.
"ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார்.
உதவியாளர் குழாயைப் பிடிக்கிறார்.
அவருடைய சட்டை பெரும்பாலும் ஈரமாக இருக்கும்.
அவர் குடங்களை வரிசைப்படி நிரப்புகிறார்.
சில நேரங்களில் திட்டு வாங்குகிறார்."

ரெண்டாந்தபா படிச்சேன்.
தெருவுக்குத் தெரு "யோவ் பைப்பு",
"டேய், இந்தாண்ட இஸ்து வுடு".
ஆபீஸ் ரிஜிஸ்டர்ல வெறும் நம்பர்.
இங்க
பிடிக்கிறார். நிரப்புகிறார்.
வாங்குகிறார், திட்டைக்கூட.

படத்துல குழாய் புடிச்சு நிக்கிற ஆளுக்கு
அம்பு கீது, பேரு இல்ல.
"மறந்துட்டியாம்மா?"
"பேரு எழுதுனா கதையாயிடும்பா.
இது தகவல்."

நோட்டை மூடசொல்ல
கை காஞ்சிருக்கான்னு
பார்த்துக்கினேன்.